கால் குட்டையாக, தலை பெருத்துப் பிறந்த கன்று: பசுவை விற்றுவிடலாமா?

கேள்வி: எங்களிடம் ஹெச்.எப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பினப் பசு ஒன்று இருக்கிறது. முதல் ஈற்றில் காளைக்கன்றும் இரண்டாம் ஈற்றில் கிடேரியும் ஈன்றது. இரண்டும் சினை ஊசியில் பிறந்தவை. இரண்டும் நன்றாக வளர்ந்தன. மூன்றாம் ஈற்றுக்கு இரண்டு முறை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. அதனால் வீட்டில் வளர்த்து வைத்திருந்த முதல் ஈற்றுக் காளையையே சேர்த்தோம். ஏழாம் மாதம் முடியும்போது வயிறு அளவுக்கு மீறிப் பெருத்தது. சில நாட்களில் கன்று இறந்தே வெளிவந்தது. நான்கு கால்களும் ஒரு சாண்கூட இல்லை. தலை உருண்டு பெருத்து, மேல்தாடை உள்ளடங்கி, நாக்கு வெளியே தொங்கியது. மருத்துவர் மிகவும் சிரமப்பட்டே வெளியே எடுத்தார். படம் இணைத்துள்ளேன். கன்றைத் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டோம். சினையில் கிரகணம் பட்டதால் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களும், முன்பு போட்ட ஊசியின் கோளாறு என்று மைத்துனரும் சொல்கிறார்கள். பசுவை விற்றுவிடலாமா? காளையை ஊர் மாடுகளுக்கும் விடுகிறோம்; தொடரலாமா? கிடேரி இப்போது பருவத்துக்கு வந்திருக்கிறது. என் மகன் குட்டை இன மாட்டு ஜோடி ஒன்று வாங்க ஆசைப்படுகிறான். அவற்றிலும் இப்படிப் பிறக்குமா?
(வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். காளையை எந்த மாட்டுக்கும் விடுவதை இன்றே நிறுத்துங்கள். கிடேரிக்கு அந்தக் காளை கூடவே கூடாது. பசுவை விற்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. இந்த மூன்றுக்கும் காரணம் சொல்லக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளது, கால்நடை மருத்துவ நூல்கள் 'புல்டாக் கன்று' என்று குறிப்பிடும் தோற்றம். எலும்பு வளரும் முறையிலேயே கரு நிலையில் ஏற்பட்ட கோளாறு இது. தாயையும் மகனையும் சேர்த்ததில் பிறந்த கன்று என்று நீங்களே எழுதியிருப்பதால், பரம்பரைக் குறை என்ற ஐயம் வலுவாகிறது. ஆயினும் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஐயம் எவ்வளவு வலுவானது, எங்கே அது தவறிப் போகக்கூடும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதே கிரகணத்தின்போது உங்கள் ஊரில் சினையாக இருந்த மற்றப் பசுக்கள் எப்படிப்பட்ட கன்றுகளை ஈன்றன என்று பெரியவர்களிடமே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மைத்துனர் சொல்வதும் பொருந்தாது. சினை பிடிக்காமல் போன ஊசியின் விந்து சில நாட்களுக்குள் கருப்பையில் அழிந்துவிடும். அது பின்னால் வேறொரு காளையால் உருவான கருவைப் பாதிக்க வழியில்லை. இந்தக் கன்றுக்குத் தாய் உங்கள் பசு, தந்தை உங்கள் காளை. காரணத்தை அவற்றுக்குள்தான் முதலில் தேட வேண்டும்.

தலை பெருத்தும் கால் குட்டையாகவும் ஒரே கன்று எப்படிப் பிறக்கிறது என்று பலருக்கும் வியப்பாக இருக்கும். உண்மையில் அந்தத் தலை பெருக்கவில்லை; மற்றவை வளரவில்லை. காலின் நீண்ட எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகின்றன. எலும்பின் இரு முனைகளுக்கு அருகிலும் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்புப் படலம் இருக்கிறது. அதில் உள்ள செல்கள் செங்கல் வரிசைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பருத்து, பிறகு சுண்ணாம்பு ஏறி எலும்பாக மாறுகின்றன. எலும்பு நீள்வது இப்படித்தான். முதுகெலும்பும், மண்டையோட்டின் அடித்தளமும், முகத்தின் நீளத்துக்குக் காரணமான பகுதிகளும் இதே வழியில்தான் வளர்கின்றன. ஆனால் மூளையை மூடியிருக்கும் மண்டையோட்டின் மேற்கூரை குருத்தெலும்பு நிலையைக் கடக்காமல், சவ்விலிருந்து நேரடியாகவே எலும்பாகிறது. ஆகவே குருத்தெலும்பு கெட்டுப்போன கருவில் கால்கள் நீளாது, மேல்தாடை நீளாது, மண்டை மட்டும் மூளையோடு சேர்ந்து வளர்ந்து உருண்டு நிற்கும். குட்டையான வாயில் இடமில்லாமல் நாக்கு வெளியே வந்துவிடும். நீங்கள் எழுதிய ஒவ்வோர் அடையாளமும் இந்த ஒரே காரணத்திலிருந்து வருவதைக் கவனியுங்கள். வயிறு பெருத்ததும் இதோடு சேர்ந்ததே. இத்தகைய கரு இருக்கும் கருப்பையில் பனிக்குட நீர் அளவுக்கு மீறிச் சேர்வது உண்டு. பிரசவம் கடினமானதற்கும் காரணம் விளங்கும். சாதாரணக் கன்றின் முன்னங்கால்களில் கயிறு போட்டு இழுக்கலாம். இதில் கயிறு போடக் காலே கிடைக்காது, பெரிய தலையோ வழியை அடைத்து நிற்கும். உங்கள் மருத்துவர் பசுவைக் காப்பாற்றியது சாதாரண காரியமன்று.

இந்தக் குறையை உலகில் மிக நன்றாக அறிந்துகொண்டது டெக்ஸ்டர் என்ற மாட்டினத்தின் மூலம்தான். அயர்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் சிறு விவசாயிகள் வளர்த்த சிற்றினம் அது. கால் குட்டையாக, உடல் கட்டாக இருக்கும் மாடுகளையே மக்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் குட்டைக்கால் பசுவையும் குட்டைக்கால் காளையையும் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு கரு புல்டாக் உருவம் கொண்டு, பெரும்பாலும் ஏழாம் மாதத்தை ஒட்டி இறந்து விழுந்துவிடும். இரண்டு கன்றுகள் பெற்றோரைப்போலக் குட்டைக்காலோடும், ஒன்று நீண்ட காலோடும் பிறக்கும். காரணம் புரியாமல் இனம் வளர்ப்போர் நெடுங்காலம் தவித்தார்கள். 2007 இல் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு காரணத்தைக் கண்டறிந்து வெளியிட்டது. குருத்தெலும்பில் நீரைத் தேக்கி வைத்து அதற்கு விறைப்பையும் மெத்தைத் தன்மையையும் கொடுக்கும் அக்ரிகேன் என்ற புரதத்துக்கான மரபணுவில் பழுது இருந்தது. எந்தக் கன்றுக்கும் இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. பழுதான பிரதி ஒன்று இருந்தால் குட்டைக்கால். இரண்டும் பழுதானால் புல்டாக் கன்று. இன்று டெக்ஸ்டர் வளர்ப்போர் வால் முடியின் வேரைச் சோதனைக்கு அனுப்பி, எந்த மாடு எந்த வகை என்று தெரிந்துகொண்டு இணை சேர்க்கிறார்கள். குட்டைக்கால் மாட்டை, பழுது இல்லாத நீண்டகால் மாட்டோடு மட்டும் சேர்த்தால் புல்டாக் கன்று பிறக்காது. இனத்தையும் அழிக்கவில்லை, மாடுகளையும் கொல்லவில்லை. இணை சேர்ப்பதை மட்டும் மாற்றினார்கள்.

உங்கள் வீட்டில் நடந்தது அப்படியே டெக்ஸ்டர் வகை என்று நான் கருதவில்லை. அந்த வகையாக இருந்தால் உங்கள் பசுவும் காளையும் குட்டைக்கால் உடையவையாக இருந்திருக்க வேண்டும். படத்தில் பின்னால் நிற்கும் பசு சரியான உயரத்தில், கால்கள் சரியான அளவில் இருக்கிறது. பெற்றோர் இருவரும் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருந்து, கன்று மட்டும் இப்படிப் பிறக்கும் வகையும் உண்டு. நார்வே நாட்டின் டெலிமார்க் மாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இது பதிவாகியிருக்கிறது. பள்ளிப் பாடத்தில் ஒடுங்கு பண்பு என்று படித்திருப்பீர்கள். பழுதான பிரதி ஒன்று மட்டும் இருந்தால் வெளியே எதுவும் தெரியாது, மாடு ஓங்குதாங்காக வளரும், பால் கறக்கும், உழும். இரண்டு பிரதிகள் ஒரே கருவில் சேரும்போதுதான் குறை வெளிப்படும்.

இப்போது உங்கள் தொழுவத்துக்கு வருவோம். உங்கள் பசு அப்படி ஒரு பழுதைச் சுமந்திருந்தால், அதன் முதல் காளைக்கன்றுக்கு அது போய்ச் சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. காளைக்கும் வந்திருந்தால், தாயோடு சேரும்போது நான்கில் ஒரு கன்று பாதிக்கப்படும். ஆக, தாயும் மகனும் சேர்வதற்கு முன்பே எட்டில் ஒரு பங்கு ஆபத்து இருந்தது. ஊரில் எங்கோ இருக்கும் உறவில்லாத ஒரு காளையிடமும் அதே பழுது இருப்பது அரிது. ஆனால் சொந்த மகனிடம் இருப்பதற்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. தாயிடம் பல தலைமுறைகளாக அடங்கிக் கிடந்த ஒரே பழுது மகன் வழியாகத் திரும்பி வந்து, அதே கருவில் தன் ஜோடியைச் சந்தித்துவிட்டது என்றே தோன்றுகிறது. நெருங்கிய உறவுச் சேர்க்கை குறையைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இருக்கும் குறையை வெளியே கொண்டுவருகிறது. அந்த வகையில் இந்தக் கன்று உங்களுக்கு ஒரு தகவலைத் தந்திருக்கிறது: குறை ஒடுங்கு வகையாக இருந்தால், பசு, காளை இரண்டுமே அதைச் சுமக்கின்றன. "காளை நல்ல காளைதான், பசுவில்தான் கோளாறு" என்று ஒன்றை மட்டும் பழிப்பதற்கு இடமே இல்லை.

ஆனால் இதற்கு மாறான சாத்தியங்களையும் ஒதுக்கிவிடக் கூடாது. சில வேளைகளில், பழுது காளையின் விந்துச் செல்களில் புதிதாகத் தோன்றி, ஒரே பிரதியாலேயே கன்றைக் கெடுத்துவிடும். டென்மார்க்கில் ஹோல்ஸ்டீன் காளை ஒன்றின் வழியே பல புல்டாக் கன்றுகள் பிறந்தன. காளை பார்வைக்கு முழு ஆரோக்கியத்தோடு இருந்தது, ஆனால் குருத்தெலும்பின் கொலாஜன் புரதத்துக்கான மரபணுவில் அதன் உடற்செல்களில் ஒரு பகுதிக்கு மட்டும் பழுது இருந்தது. அத்தகைய நிலையில் தாய்ப்பசுக்கள் மீது குற்றமே இல்லை. இதை நீங்கள் வீட்டிலிருந்தே ஓரளவு விசாரிக்க முடியும். உங்கள் காளை ஊரில் எத்தனை மாடுகளுக்குச் சேர்ந்தது, அவற்றில் ஏதேனும் ஏழாம் எட்டாம் மாதத்தில் கன்று வீசியதா, வீசிய கன்று எப்படி இருந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வையுங்கள். இன்னொரு வீட்டில், உறவே இல்லாத பசுவிடத்திலும் இதே உருவம் பிறந்திருந்தால் ஐயம் முழுவதும் காளையின் பக்கம் சாயும்.

பரம்பரை இல்லாத காரணங்களும் சில உண்டு. சினைக் காலத்தில் மாங்கனீசு சத்து மிகக் குறைந்தால் கால் குட்டையான, மூட்டு வீங்கிய கன்றுகள் பிறக்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இப்படி நடந்திருக்கிறது. ஆனால் அப்போது ஒரே பருவத்தில் ஒரே தீவனம் தின்ற பல பசுக்களுக்கு இது நேரும், தந்தை யார் என்பது பொருட்டாகாது. கடிக்கும் சிறு ஈக்கள் பரப்பும் அகபானே வைரஸ் கருவைத் தாக்கினால் மூட்டுகள் விறைத்து மடங்கிப் போகும். ஆனால் எலும்பின் நீளம் இவ்வளவு குறையாது. கன்று பிறந்து சில மாதங்கள் கழித்துக் கால் வளைவது ரிக்கெட்ஸ். அதற்குச் சுண்ணாம்பு, பாஸ்பரஸ், வைட்டமின் டி கொடுத்தால் குணம் தெரியும். உங்கள் கன்றின் தோற்றம் இவற்றில் எதற்கும் சரியாகப் பொருந்தவில்லை. தாது உப்புக் கலவை கொடுக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுக்காவிட்டால், இந்தக் கன்றுக்காக இல்லாவிட்டாலும், பசுவுக்காகத் தொடங்குங்கள்.

புதைத்த கன்றைத் தோண்டி எடுக்க வேண்டாம். இனி உங்கள் வீட்டிலோ ஊரிலோ இப்படி ஒன்று பிறந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், கன்று வீசுவதற்கு புருசெல்லா கிருமியும் காரணமாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டுக்கொண்டு, பக்கவாட்டிலிருந்தும் முகத்துக்கு நேராகவும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ தீப்பெட்டியையோ வைத்தால் அளவு விளங்கும். உடலைப் பாலித்தீன் உறையில் இட்டு, பனிக்கட்டி சூழ வைத்து, அன்றே அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறைக்குக் கொண்டு போங்கள். அங்கே எக்ஸ்ரே எடுத்து, தொடை எலும்பை நெடுக அறுத்து வளர்ச்சித் தட்டைப் பார்ப்பார்கள். அந்தத் தட்டின் செல் வரிசை கலைந்து கிடக்கிறதா, ஒழுங்காக இருக்கிறதா என்பதே பரம்பரைக் குறையையும் மற்றவற்றையும் பிரித்துக் காட்டும் முதல் சான்று. மரபணுச் சோதனைக்குக் காது நுனியில் ஒரு துண்டை பார்மலினில் போடாமல் தனியே உறைநிலையில் வைக்க வேண்டும்.

இப்போதைக்கு, பசுவின் வால் முனையிலிருந்தும் காளையின் வால் முனையிலிருந்தும் முப்பது நாற்பது முடிகளை வேரோடு பிடுங்கி, தனித்தனிக் காகித உறைகளில் போட்டு, மேலே காது வில்லையின் 12 இலக்க எண்ணை எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். இன்றே அவற்றை அனுப்பி விடை வாங்க முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. டெக்ஸ்டர் மாட்டுக்கான சோதனை டெக்ஸ்டரின் பழுதை மட்டுமே காட்டும். உங்கள் பசுவிடம் இருப்பது வேறு பழுதாக இருந்தால் அந்தச் சோதனை "குறை இல்லை" என்றே சொல்லும், நீங்கள் நம்பி ஏமாறுவீர்கள். காசு வாங்கிக்கொண்டு "எல்லா மரபணு நோய்க்கும் ஒரே சோதனை" என்று யாரேனும் வந்தால், எந்த மரபணு, எந்தப் பழுது என்று கேளுங்கள். முடியைச் சேமிக்கச் சொல்வது, இன்னொரு கன்று இப்படிப் பிறந்து கல்லூரி ஆய்வாளர்கள் எடுத்து ஆராய முன்வந்தால் பெற்றோரின் மாதிரி கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே.

சினை ஊசி போட்டால் இத்தகைய கவலையே இல்லையா என்று கேட்பீர்கள். பெரிதும் குறையும், முற்றிலும் இல்லாமல் போகாது. கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்ற அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளை 1974 இல் பிறந்தது. அதன் மகள்கள் பாலைக் கொட்டின. அதன் விந்து உலகெங்கும் போனது. அதோடு இரண்டு பழுதுகளும் போயின. ஒன்று கன்றுகளின் நோய் எதிர்ப்பைக் கெடுப்பது. இன்னொன்று முதுகெலும்பைக் கெடுப்பது: கழுத்து எலும்புகளும் மார்பு முதுகெலும்புகளும் ஒன்றோடொன்று ஒட்டி, கழுத்து குறுகி, கால் மூட்டுகள் மடங்கிய நிலையில் கன்று இறந்து பிறக்கும். 2001 இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதை விவரித்து வெளியிடும்வரை பல நாடுகளிலும் யாரும் இதை ஒரு தனி நோயாக எண்ணவில்லை. காரணம், பாதிக்கப்பட்ட கருக்களில் பெரும்பாலானவை வெளியே வராமலே அழிந்துவிட்டன; விவசாயிக்குத் தெரிந்ததெல்லாம் "மாடு சினை நிற்கவில்லை, மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது" என்பது மட்டுமே. காரணமான மரபணு தெரிந்தபின், பழுதைச் சுமக்கும் காளைகளைப் பட்டியலில் குறித்துவிட்டார்கள். இன்று அது பெரிதும் கட்டுக்குள் இருக்கிறது. நம் நாட்டிலும் விந்து நிலையங்களுக்கான மத்திய அரசின் தர நெறிமுறை, காளைகளைக் குரோமோசோம் கோளாறுகளுக்கும் குறிப்பிட்ட சில மரபு நோய்களுக்கும் சோதிக்கச் சொல்கிறது. வீட்டுக் காளைக்கு அப்படி எந்தச் சோதனையும் கிடையாது. ஆகவே ஊசி போட வருபவரிடம் உறைவிந்துக் குச்சியை வாங்கிப் பாருங்கள். அந்த மெல்லிய குச்சியின் மேலேயே காளையின் எண்ணும் இனமும் அச்சிடப்பட்டிருக்கும். ஊசி போட்டவுடன் குப்பையில் வீசும் அந்தக் குச்சியை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதியைக் குறியுங்கள். காளைக்கன்றும் கிடேரியும் எந்தக் காளைக்குப் பிறந்தவை என்று நீங்கள் இன்று சொல்ல முடிந்திருந்தால் என் பதில் இன்னும் துல்லியமாக இருந்திருக்கும்.

காளையைப் பற்றி. அது பார்வைக்கு நல்ல காளை, ஊரார் விரும்புகிறார்கள், சேர்ப்பதற்குப் பணமும் வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அது குறையைச் சுமக்கிறதா என்று கன்றுகளை வைத்து நிரூபிப்பது நடவாத காரியம். குறையைச் சுமப்பதாக உறுதியாகத் தெரிந்த பசுக்களோடு சேர்த்து, தொடர்ந்து 16 கன்றுகள் நல்லவையாகப் பிறந்தால்தான் காளை சுத்தமானது என்று ஏறத்தாழ 99 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். அதன் சொந்த மகள்களோடு சேர்த்துப் பார்ப்பதானால் 35 கன்றுகள் வேண்டும். இந்த வழியில்தான் அமெரிக்காவில் 1940களிலும் 1950களிலும் ஹெர்போர்ட் மாட்டு இனம் வளர்த்தவர்கள் போராடினார்கள். கண்காட்சிகளில் கட்டையான, தசைப்பிடிப்பான மாடுகளுக்குப் பரிசு கிடைத்ததால் அத்தகைய காளைகளையே எல்லோரும் தேடினார்கள். குள்ளக் கன்றுகள் மூச்சிரைத்துக்கொண்டு பிறக்கத் தொடங்கின. பழுதைச் சுமக்கும் காளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று நெற்றியின் வளைவை அளக்கும் கருவி ஒன்றைக்கூடச் செய்தார்கள். அது நம்பத்தக்கதாக இல்லை. கடைசியில் பரம்பரைப் பட்டியலை எடுத்து வைத்து, ஐயத்துக்குரிய வழிகளையே ஒதுக்கினார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு காளை. அதைக் காயடித்து வண்டிக்கோ உழவுக்கோ வைத்துக்கொள்ளலாம். கால்நடை மருந்தகத்தில் பர்டிசோ கருவியால் இரத்தம் சிந்தாமல் செய்துவிடுவார்கள். "நல்ல பொலிகாளை" என்று சொல்லி வேறு ஊருக்கு விற்பதை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே இதைச் சேர்த்த வீடுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அங்கே பிறந்த கிடேரிகளில் பாதி இந்தப் பழுதைச் சுமக்கலாம். அவற்றால் யாதொரு தொல்லையும் இல்லை, ஆனால் அவற்றைத் தகப்பனோடு சேர்த்தால் உங்கள் வீட்டில் நடந்தது எட்டில் ஒரு வாய்ப்பில் அங்கேயும் நடக்கும்.

பசுவை வைத்துக்கொள்ளுங்கள். கடினமான பிரசவம் ஆகியிருப்பதால், கருப்பை சரியாகச் சுருங்கியிருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று மருத்துவரைக் கொண்டு சோதித்து, குறைந்தது இரண்டு பருவங்களை விட்டுவிட்டு, உறவில்லாத காளையின் விந்தால் சினை ஊசி போடுங்கள். முன்பு இரண்டு முறை ஊசி போட்டும் சினை நிற்காததற்குத் தனிக் காரணம் இருக்கலாம். பருவத்தின் எந்த நேரத்தில் போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் பேசுங்கள். காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் போடுவது வழக்கம். இந்தப் பசுவின் காளைக்கன்று எதையும் பொலிகாளையாக வளர்க்க வேண்டாம். கிடேரிகளைப் பாலுக்கு வளர்ப்பதில் தடையில்லை. இப்போது பருவத்துக்கு வந்திருக்கும் கிடேரி பழுதைச் சுமக்கிறதா இல்லையா என்பது சரிபாதி வாய்ப்பு. அதற்கும் வெளிக்காளையின் விந்தையே பயன்படுத்துங்கள். கிடேரியும் காளையும் ஒரே தொழுவத்தில் அவிழ்த்து விடப்படுகின்றனவா என்று கடிதத்தில் இல்லை. அப்படியானால் இன்றைக்கே பிரித்துக் கட்டுங்கள். பருவத்துக்கு வந்த கிடேரி யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காது.

மகனின் ஆசையைப் பற்றியும் சொல்கிறேன். குட்டையாக இருப்பதே நோய் அன்று. கேரளத்தின் வெச்சூர், ஆந்திரத்தின் புங்கனூர் போன்ற இனங்கள் தலை முதல் குளம்பு வரை ஒரே அளவில் சிறுத்தவை. உடலுக்கு ஏற்ற கால், காலுக்கு ஏற்ற தலை. வெச்சூர்ப் பசு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமே இருக்கும், ஆனால் அதன் எலும்பின் வளர்ச்சி முறையானது. புங்கனூர் இனத்தைச் சித்தூர் மாவட்டம் பலமநேரில் உள்ள ஆய்வு நிலையம் பாதுகாத்து வருகிறது. கவலை வருவது வேறிடத்தில். விலை ஏற ஏற, "இன்னும் குட்டை, இன்னும் குட்டை" என்று சந்தை கேட்கத் தொடங்கும்போது, நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்ப்பதும், கால் மட்டும் குட்டையான மாட்டைத் தேடிப் பிடித்து இனவிருத்திக்கு விடுவதும் தொடங்கிவிடும். டெக்ஸ்டரில் நடந்ததும் ஹெர்போர்ட்டில் நடந்ததும் இதுதான். நம் வீடுகளில் ஆசையாக வளர்க்கும் டாஷ்ஹண்ட் நாயின் கதையும் இதற்கு உறவுதான்: எலும்பு வளர்ச்சியை ஒழுங்குபடுத்தும் ஒரு மரபணுவின் கூடுதல் பிரதி மரபுத்தொகுதியில் வேறிடத்தில் நுழைந்துகொண்டதால் வந்த குட்டைக்கால் அது, அதே மரபணுவின் இன்னொரு கூடுதல் பிரதி இள வயதிலேயே முதுகெலும்பின் தட்டுகளைக் கெடுத்து, பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டு போகும் நிலைக்கு நாயைக் கொண்டுவந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் சபோக் செம்மறி இனத்தில் எலும்பு வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணு பழுதானதால் கால்கள் சிலந்திபோல நீண்டு கோணிய குட்டிகள் பிறந்தன. அங்கேயும் உயரமான ஆட்டுக்குப் பரிசு கொடுத்ததே வினையாயிற்று.

ஆகவே ஜோடியை வாங்கும் முன், மாட்டைச் சமதளத்தில் நிற்க வைத்துப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். மார்பின் ஆழத்துக்கும், மார்புக்குக் கீழே தெரியும் காலின் நீளத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா, முழங்கால் உள்வாங்கி வளைந்திருக்கிறதா, நெற்றி புடைத்து மூக்கு உள்ளே போயிருக்கிறதா, ஓய்வாக நிற்கும்போதே மூச்சில் சத்தம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். காளையும் பசுவும் ஒரே தகப்பனுக்கோ ஒரே தாய்க்கோ பிறந்தவையா என்று நேரடியாகக் கேளுங்கள். "ஜோடி" என்று விற்கப்படுபவை அண்ணன் தங்கையாக இருப்பது அரிதன்று. அந்தப் பண்ணையில் ஏழாம் மாதத்தில் கன்று வீசிய பசு உண்டா என்ற கேள்விக்கு விற்பவர் தயங்கினால், முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். உறவுள்ள ஜோடியை ஏற்கெனவே பேசி முடித்திருந்தால், பசுவை மட்டும் வாங்கிக்கொண்டு, அதே இனத்தில் வேறு வழியைச் சேர்ந்த காளையின் உறைவிந்து கிடைக்கிறதா என்று அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்துப் பாருங்கள்.